குறி எண் 342

1. ஹெல்சிங்கியில் தொடங்கிய வேலை

1964ஆம் ஆண்டு. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி. சமஸ்கிருதமும் கிரேக்கமும் படித்துக்கொண்டிருந்த அஸ்கோ பர்போலா என்ற மாணவரிடம் அவருடைய பால்ய நண்பர் செப்போ கோஸ்கென்னியெமி ஓர் உதவி செய்ய முன்வந்தார். நண்பருக்கு ஐ.பி.எம். நிறுவனத்தின் பின்லாந்துக் கிளையில் வேலை. கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற காலம் அது. அதன் பக்கத்தில் போகும் வாய்ப்புக்கூடப் பெரும்பாலான பேராசிரியர்களுக்குக் கிடையாது. உன் படிப்பில் கணினியிடம் கொடுக்கத்தக்க சிக்கல் ஏதாவது இருந்தால் சொல், நான் செய்து தருகிறேன் என்றார் செப்போ.

பர்போலா தேர்ந்தெடுத்த சிக்கல், அதற்கு முன் நாற்பது ஆண்டுகளாக எல்லோரையும் தோற்கடித்த ஒன்று. சிந்துவெளி எழுத்து.

இந்த எழுத்து முதன்முதலில் அச்சேறியது 1875இல். ஹரப்பாவில் கிடைத்த ஒரு கல்முத்திரையின் படத்தை அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் வெளியிட்டார். அதிலிருந்த காளைக்குத் திமில் இல்லை. ஆகவே முத்திரை இந்தியாவைச் சேர்ந்ததாக இருக்காது என்று கருதினார். அதன்பின் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அது கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1924 செப்டம்பர் 20ஆம் நாள் லண்டன் வார இதழ் ஒன்றில் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்த பிறகுதான் அறிஞர்கள் அந்தக் குறிகளை மொய்த்தார்கள். மாக்கல்லில் வெட்டிய முத்திரைகள். பெரும்பாலும் ஓர் அங்குலச் சதுரம். நடுவில் ஒற்றைக்கொம்பு விலங்கோ யானையோ புலியோ நிற்கும். அதற்கு மேலே ஒரு வரி குறிகள்.

அந்த ஒரு வரிதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். அதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் எழுதப்படவில்லை. ஒரே பக்கத்தில் எழுதப்பட்டவற்றில் மிக நீளமானதில் 17 குறிகள். எகிப்திய எழுத்துக்கு ரொசெட்டாக் கல் கிடைத்ததுபோல், ஒரே செய்தியை இரண்டு எழுத்தில் சொல்லும் கல் எதுவும் கிடைக்கவில்லை. எழுதியவர்கள் பேசியது என்ன மொழி என்று தெரியாது. அவர்களுடைய அரசர்களில் ஒருவரின் பெயர்கூடத் தெரியாது. எழுத்தும் தெரியாது, மொழியும் தெரியாது என்றால் எங்கே கால் வைப்பது?

ஆனாலும் பர்போலாவுக்கு நம்பிக்கை இருந்தது. காரணம், கிரீட் தீவின் ‘லீனியர் பி’ எழுத்து. அதற்கும் இருமொழிக் கல் கிடைக்கவில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஆலிஸ் கோபர், மொழி எது என்று ஊகிக்கவே மறுத்தார். எந்தக் குறி எங்கே வருகிறது, எதற்கு முன், எதற்குப் பின் என்று மட்டும் சீட்டுகளில் எழுதிக்கொண்டே போனார். போர்க்காலத்தில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. கிடைத்த தாள்களையெல்லாம் சீட்டாக நறுக்கிச் சிகரெட் பெட்டிகளில் அடுக்கினார். அப்படிச் சேர்ந்தவை சுமார் 1,80,000 சீட்டுகள். அந்த மொழியில் சொற்களின் கடைசிப் பகுதி முறையாக மாறுகிறது, அதாவது வேற்றுமை உருபுகள் இருக்கின்றன என்று பொருளே தெரியாமல் கண்டுபிடித்தார். 1950இல், 43 வயதில் இறந்துபோனார். அவர் போட்ட பாதையில் நடந்துதான் 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அது கிரேக்கம் என்று காட்டினார். மறுஆண்டே சான்று வந்தது. முக்காலியின் படம் வரைந்த களிமண் பலகை ஒன்றில், படத்தின் அருகே வென்ட்ரிஸின் முறைப்படி படித்தால் ‘திரிபோ’ என்றே இருந்தது. கிரேக்கத்தில் முக்காலி.

கோபருக்கு ஆயுளையே தின்ற வேலை அது. எண்ணுவது, அடுக்குவது, திரும்ப எண்ணுவது. கணினி செய்யக்கூடியதும் அதுதானே?

இதே கேள்வி அதே ஆண்டுகளில் ஹெல்சிங்கியிலிருந்து 300 கிலோமீட்டர் தொலைவில், லெனின்கிராடிலும் எழுந்தது. அங்கே யூரி க்னோரோசோவ் இருந்தார். மாயா எழுத்தை அவிழ்க்கும் வழியை 1952இல் காட்டியவர். இதில் ஒரு முரண் உண்டு. 1960களின் தொடக்கத்தில் நோவோசிபிர்ஸ்க் கணிதவியலாளர்கள் மாயா எழுத்தைக் கணினியால் படித்துவிட்டதாக அறிவித்தபோது, அதைக் கடுமையாக மறுத்தவர் இந்த க்னோரோசோவ்தான். அவரே சிந்து எழுத்துக்காகக் கணிதவியலாளர்களைச் சேர்த்துக்கொண்டு கணினியிடம் போனார். ஒரு வித்தியாசம் இருந்தது. இந்த முறை கணினியிடம் அவர் பொருளைக் கேட்கவில்லை. இலக்கணத்தைக் கேட்டார்.

1965இல் லெனின்கிராடுக் குழுவின் முதல் அறிக்கை வந்தது. சில குறிகள் வரியின் இறுதியில் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன. முன்னால் ஒட்டும் குறிகள் இல்லை. ஆகவே இந்த மொழி பின்னொட்டு மொழி. முன்னொட்டு மிகுந்த மொழிகள் விலகின. சுமேரியம், ஹுரியம், ஈலாமியம், சமஸ்கிருதம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, அமைப்பில் மிக நெருக்கமானது திராவிட மொழிக் குடும்பம்தான் என்றார்கள்.

ஹெல்சிங்கியும் அங்கேதான் வந்து சேர்ந்தது. இரண்டு அணிகள், இரண்டு கணினிகள், ஒரே திசை.

இந்த இடத்தில் பின்லாந்து அணி நின்றிருக்கலாம். நிற்கவில்லை. 1969இல் கோபன்ஹேகனிலிருந்து அவர்களின் ‘முதல் அறிவிப்பு’ வெளியானது. அதன் தலைப்பிலேயே சிந்துவெளியின் தொல்திராவிடக் கல்வெட்டுகள் படிக்கப்பட்டுவிட்டன என்று இருந்தது. குறிகளுக்கு ஒலி கொடுத்தார்கள், சொற்களைப் படித்தார்கள். பம்பாயில் இருந்த ஹீராஸ் பாதிரியார் முன்பே சொல்லியிருந்த ஒன்றை மேலும் வளர்த்தார்கள். மீன் வடிவக் குறி ‘மீன்’ என்ற சொல்லைக் குறிக்கிறது. அதே ஒலியுள்ள விண்மீனையும் அதுவே குறிக்கிறது. மீனுக்கு முன் ஆறு கோடுகள் வந்தால் அறுமீன், அதாவது கார்த்திகை. ஏழு கோடுகள் வந்தால் எழுமீன். இரண்டு சொற்களும் சங்க இலக்கியத்தில் உள்ளவை. தமிழ் படித்தவர் யாருக்கும் இதைக் கேட்டால் நெஞ்சு துள்ளத்தான் செய்யும். எனக்கும் துள்ளியது.

ஆனால் முக்காலிப் பலகை எங்கே? கணினி தந்தது வரிசையை. ஒலியைத் தந்தது மனிதர்களின் ஊகம். ஊகம் சரியா என்று சோதிக்க ஒரு சான்றும் இல்லை. விமர்சனங்கள் வந்தன. பின்னாளில் பர்போலாவே, இளமை வேகத்தில் அவசரப்பட்டுவிட்டோம் என்ற பொருளில் எழுதினார்.

அந்த வெளியீட்டைக் கவனமாகப் படித்தவர்களில் இந்திய ஆட்சிப்பணி அதிகாரி ஒருவர் இருந்தார். சிந்துவெளி மொழி திராவிடம்தான் என்று அவரும் உறுதியாக நம்பியவர். அப்படிப்பட்டவர் அடுத்து எடுத்த முடிவுதான் இந்தத் துறையின் தலையெழுத்தை மாற்றியது. அவர் ஒரு குறியையும் படிக்கப் போவதில்லை என்று உட்கார்ந்தார்.

(அடுத்த வாரம்)

2. மணச்சநல்லூர்க்காரரின் கணக்கு

ஐராவதம் மகாதேவன் 1930இல் திருச்சிக்கு அருகே மணச்சநல்லூரில் பிறந்தவர். 1954ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். அணி. அலுவலக நேரம் போக மிச்ச நேரத்தில் கல்வெட்டு ஆய்வு. கரூர் அருகே புகழூர்க் குகையில் எல்லோரும் தடுமாறிய தமிழ்-பிராமி எழுத்துகளில் இரும்பொறை மரபுச் சேர மன்னர்களின் பெயர்களைப் படித்துக் காட்டியவர் அவர். சங்க நூல்களில் மட்டும் இருந்த அரச மரபு அன்றைக்குப் பாறையிலும் எழுந்து நின்றது. படித்துக் காட்டுவதன் இன்பம் என்ன என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அடுத்த வேலையில் அவர் காத்த அடக்கம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

1970இல் ஜவஹர்லால் நேரு ஆய்வுநல்கை கிடைத்தது. சிந்துவெளி எழுத்துகளுக்கு ஒரு தொடரடைவு செய்வது என்று முடிவெடுத்தார். சங்க நூல்களுக்குச் சொல்லடைவு இருப்பதுபோல, ஒவ்வொரு குறியும் எந்தெந்த முத்திரையில், எந்த இடத்தில், எந்தக் குறிகளுக்கு நடுவே வருகிறது என்று முழுமையாக அடுக்கிக் காட்டும் நூல். ஜி.ஆர்.ஹன்டர் 1934 வாக்கில் கையாலேயே இதற்கு ஒரு தொடக்கம் செய்திருந்தார். மகாதேவன் கணினியை நாடினார். மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக் கணினி கிடைத்தது. நிரல் எழுதும் பணியில் கே.விஸ்வநாதன் துணை நின்றார்.

கணினிக்கு மீனும் தெரியாது, ஜாடியும் தெரியாது. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. உட்கார்ந்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும். மீன் ஒரு குறி. மீனின் உடலுக்குள் ஒரு கோடு இருந்தால் அது வேறு குறியா, எழுதியவரின் கைப்பழக்கமா? மீன் தலைமேல் கூரைபோல ஒரு கோணம் இருந்தால்? தமிழ் தெரியாத ஒருவர் ‘ள’வையும் ‘ன’வையும் பார்த்து ஒரே எழுத்தின் இரண்டு கையெழுத்து என்று முடிவுகட்டினால் நம் நூல் முழுவதும் குலைந்துபோகும். மாறாக, இரண்டு பேர் எழுதிய ‘அ’வை இரண்டு எழுத்தாக எண்ணினாலும் குலைந்துபோகும். இதை எந்தக் கணினியும் தீர்த்துவைக்காது. கண்ணும் பொறுமையும்தான் தீர்க்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பில் அறிஞர்கள் எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பதற்கு மூன்று எண்கள் போதும். எஸ்.ஆர்.ராவ் 62 குறிகள் என்றார். பிரையன் வெல்ஸ் 676 என்றார். மகாதேவனின் எண் 417. குறிகள் முப்பது நாற்பது என்றால் அது அகரவரிசை எழுத்தாக இருக்கும். நூற்றை ஒட்டி இருந்தால் அசையெழுத்து. நானூறு என்றால் சுமேரிய எழுத்தைப்போல் சொல்லையும் அசையையும் கலந்து எழுதும் முறையாக இருக்கும். ஆக, ஒரு கோடு கூடுதலா குறைவா என்ற தீர்ப்பு, எழுத்தின் இனத்தையே மாற்றிவிடும்.

1977இல் இந்தியத் தொல்லியல் துறையின் 77ஆவது வெளியீடாகத் தொடரடைவு வந்தது. 2,906 பொருள்கள், 3,573 வரிகள், 13,372 குறிகள். வகுத்துப் பாருங்கள், ஒரு பொருளுக்கு ஐந்து குறிகூட இல்லை. ஒரு முழு நாகரிகத்தின் எழுத்து முழுவதையும் சேர்த்தாலும் ஒரு குறுநாவலின் அளவுக்கு வராது.

அந்தச் சின்னக் குவியலிலிருந்து கணினி என்னென்ன எடுத்தது? தொல்காப்பியம் படித்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது இறுதியில் வரும் என்று மொழிமரபு சொல்கிறது. எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரும் என்ற மெய்ம்மயக்கத்தை நூன்மரபு சொல்கிறது. இவற்றில் எதற்கும் சொல்லின் பொருள் தேவையில்லை. எழுத்துகளின் வருகையைக் கவனித்தாலே போதும். சிந்து எழுத்தின் மொழிமுதல், மொழியிறுதி, மயக்கம் மூன்றுக்கும் தேவையான தரவு முழுவதும் ஒரே இடத்தில் முதன்முறையாகக் கிடைத்தது இந்த நூலில்தான்.

திசை முதலில் உறுதிப்பட்டது. பதிந்த முத்திரையில் எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறது; தொடரடைவின் வரிகளில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் அப்படித்தான். ராஜஸ்தானின் காலிபங்கனில் கிடைத்த பானையோடு ஒன்றில், கீறிய ஒரு குறியின் கோடு முந்தைய குறியின் கோட்டை வெட்டிச் செல்வதைப் பார்த்துத் தொல்லியலாளர் பி.பி.லால் இதே முடிவுக்கு முன்பே வந்திருந்தார். பானையோடும் கணினியும் ஒன்றையே சொல்லின.

அடுத்து, குறி எண் 342. இருபுறமும் கைப்பிடி வைத்த ஜாடிபோல இருக்கும். சிலர் கண்ணுக்கு அது கொம்பும் காதும் உள்ள மாட்டுத்தலை. மொத்தக் குறிகளில் பத்தில் ஒன்று இதுதான்: 1,395 முறை வருகிறது. வரும்போதெல்லாம் பெரும்பாலும் வரியின் இறுதியில். ஜாடியா மாடா என்ற சண்டை தீராவிட்டாலும், அது சொல்லின் கடைசியில் ஏதோ இலக்கண வேலை செய்கிறது என்ற ஐயம் எல்லா முகாமுக்கும் வந்துவிட்டது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிப்ட் சிரோமணி இந்தத் தரவை எடுத்து இன்னொரு நுட்பமான வேலை செய்தார். சிந்து வரிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. அப்துல் ஹக்குடன் சேர்ந்து, எந்த இரண்டு குறிகள் அடிக்கடி சேர்ந்து வருகின்றன, எங்கே பிணைப்பு தளர்கிறது என்று கணக்கிட்டு நீளமான வரிகளைச் சொற்றொடர்களாகப் பிரித்தார். பொருள் தெரியாத வாக்கியத்தில் சீர் பிரிப்பது! அவர் 1988இல் மறைந்தார். இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருந்தால் இந்தக் கதையின் அடுத்த பகுதியில் அவர் பெயர் முதலில் வந்திருக்கும் என்பது என் கருத்து.

தொடரடைவில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மகாதேவனின் சொந்த நம்பிக்கை. அவர் தனிக் கட்டுரைகளில் திராவிடக் கருதுகோளுக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடினார். இந்த நூலின் அட்டவணைகளில் மட்டும் அதை நுழையவிடவில்லை. எந்தக் குறிக்கும் ஒலி இல்லை, பொருள் இல்லை. எண் மட்டும். ஆகவே அவரோடு உடன்படாதவர்களும் அந்த நூலை நம்பி எடுத்தாண்டார்கள். ஆய்வாளர் என்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்த நூலைத்தான் காட்டுவேன்.

அந்த நேர்மைக்கு ஒரு விலையும் இருந்தது. அட்டவணையின் ஓரத்தில் ஓர் எண்: 417 குறிகளில் 112 குறிகள் ஒரே ஒரு முறை மட்டும் வருகின்றன. மகாதேவன் அதை மறைக்கவில்லை, எண்ணினார், அச்சிட்டார். 27 ஆண்டுகள் கழித்து அந்த 112ஐக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். இத்தனை காலம் நீங்கள் படிக்க முயன்றது எழுத்தே கிடையாது என்றார்கள்.

(அடுத்த வாரம்)

3. பத்தாயிரம் டாலர் சவால்

2004. வரலாற்றாய்வாளர் ஸ்டீவ் ஃபார்மர், கணினி மொழியியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரோட், ஹார்வர்டு சமஸ்கிருதப் பேராசிரியர் மைக்கேல் விட்சல். மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, எழுத்தறிவு பெற்ற ஹரப்பா என்பதே கட்டுக்கதை என்றது. அவர்களுடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வரிகள் இவ்வளவு குறுகியவையாக ஏன் இருக்கின்றன? ஒரு முறைக்குமேல் வராத குறிகள் ஏன் இத்தனை? உண்மையான எழுத்தில் ஒரே வரிக்குள் அசைகள் திரும்பத் திரும்ப வருமே, இங்கே ஏன் வருவதில்லை? ஆகவே இவை தெய்வங்களையோ குலங்களையோ குறிக்கும் சின்னங்கள். மொழியை எழுதிய எழுத்து கிடையாது. குறைந்தது ஐம்பது குறிகள் கொண்ட ஒரு சிந்துவெளி எழுத்தாவணத்தைக் காட்டுபவருக்குப் பத்தாயிரம் டாலர் என்று ஃபார்மர் பரிசும் அறிவித்தார். இன்றுவரை யாரும் அதை வாங்கவில்லை.

பர்போலா மறுத்தார். அவருடைய விரிவான மறுப்பு 2008இல் சென்னையில் வெளியான, மகாதேவனுக்கான ‘ஐராவதி’ சிறப்பு மலரில் வந்தது. ஆனால் ஒருவர் எழுத்து என்பதும் இன்னொருவர் சின்னம் என்பதும் எத்தனை நாள் ஓடும்? அளந்து பார்க்க முடியுமா?

முடியும் என்று கிளம்பிய அணி மூன்று நகரங்களில் இருந்தது. சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராஜேஷ் ராவ். மும்பை டாட்டா நிறுவனத்தில் நிஷா யாதவும் வானியற்பியலாளர் மயங்க் வாஹியாவும். சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் ரணஜய் அதிகாரி. ஹ்ரிஷிகேஷ் ஜோக்லேகரும் உண்டு. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சிந்துவெளி ஆய்வு மையத்தை நடத்திக்கொண்டிருந்த, எண்பதை நெருங்கிய மகாதேவனும் உண்டு.

அவர்கள் அளந்தது என்ன என்று தமிழை வைத்தே பார்க்கலாம். ஒரு சொல்லில் ‘ங்’ வந்துவிட்டது. அடுத்த எழுத்து எது? பெரும்பாலும் க-வரிசைதான், யோசிக்கவே வேண்டாம். ‘அ’ வந்தால்? அடுத்து எதுவும் வரலாம், ஆனால் எல்லாமும் சம அளவில் வராது. ஒரு குறியைப் பார்த்தபின் அடுத்ததைப் பற்றி நமக்கு எவ்வளவு ஐயம் மிஞ்சுகிறது என்பதை எண்ணாகச் சொல்ல முடியும். நிபந்தனை என்ட்ரோபி என்று அதற்குப் பெயர். குலுக்கிப் போட்ட குறிகளில் ஐயம் மிக அதிகம். எப்போதும் ஒரே ஒழுங்கில் அடுக்கிய சின்னங்களில் ஐயம் மிகக் குறைவு. மனித மொழிகள் இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டையில் அமைகின்றன.

2009இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. ஆங்கிலம், வேதகாலச் சமஸ்கிருதம், பழந்தமிழ், சுமேரியம், கணினி மொழியான ஃபோர்ட்ரான், டி.என்.ஏ., புரதம் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தார்கள். சிந்து எழுத்தின் கோடு மொழிகளின் பட்டைக்குள்ளேயே ஓடியது. சுமேரியத்துக்கும் பழந்தமிழுக்கும் மிக அருகில்.

பழந்தமிழுக்கு அருகில் என்றதும் நம்மில் பலர் அதைச் சிந்துவெளியில் தமிழ் பேசினார்கள் என்பதற்குச் சான்றாகப் பேசத் தொடங்கினோம். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். இந்த அளவை மொழிக் குடும்பத்தைக் காட்டாது. சுமேரியம் திராவிடமல்ல, அதுவும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

எதிரணியும் சும்மா இருக்கவில்லை. நீங்கள் ஒப்பிட்ட இரண்டு எல்லைகளும், முழுக் குலுக்கலும் முழு ஒழுங்கும், நீங்களே செயற்கையாகச் செய்தவை என்றார்கள். மொழியல்லாத உண்மையான சின்னத்தொகுதிகளே அந்த நடுப்பட்டையில் விழும் என்றார் ஸ்ப்ரோட். வானிலைச் சின்னங்கள், டோட்டம் கம்பங்கள் என்று திரட்டி 2014இல் நீண்ட ஆய்வு ஒன்றையும் வெளியிட்டார். என் தீர்ப்பைக் கேட்டால், 2009ஆம் ஆண்டுக் கட்டுரை எழுத்து என்று நிரூபிக்கவில்லை. ஆனால் சும்மா அடுக்கிய சின்னங்கள் என்று சொல்வதை மிகக் கடினமாக்கிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். எழுத்து என்றவர்களும் எழுத்தில்லை என்றவர்களும் சண்டையிட்டது ஒரே புத்தகத்தின் எண்களை வைத்து. 1977இல் வந்த அந்தப் புத்தகம்.

இந்த அணியின் அடுத்த வேலை எனக்கு என்ட்ரோபியைவிடப் பிடித்தது. உடைந்த முத்திரைகளில் ஒரு குறி தேய்ந்துபோயிருக்கும். பக்கத்துக் குறிகளை மட்டும் கொண்டு அதைக் கணினி ஊகிக்க வேண்டும். சோதனைக்காகத் தெரிந்த குறிகளை மறைத்துவைத்துக் கேட்டபோது சுமார் 75 விழுக்காடு சரியாகச் சொன்னது. வரியின் தொடக்கத்தில் பலவகைக் குறிகள் வருகின்றன, இறுதியிலோ மிகச் சில மட்டும் என்பதும் அளவோடு தெளிவாயிற்று. ஒழுங்கு இருக்கிறது. கற்றுக்கொள்ளக்கூடிய ஒழுங்கு.

அந்த ஒழுங்கைக் கற்ற கணினியிடம் இன்னொரு கட்டு முத்திரைகளைக் கொடுத்தார்கள். இவை சிந்துவெளிக்கு வெளியே, மெசபொட்டேமியாவிலும் வளைகுடாப் பகுதியிலும் கிடைத்தவை. குறிகள் அதே குறிகள்தான். கணினி இடறியது. குறிகள் அடுத்தடுத்து வந்த முறை சிந்துவெளி ஒழுங்குக்குப் பொருந்தவில்லை. தமிழ் தெரிந்தவர் முன்னால் தமிழ் எழுத்தில் எழுதிய வேற்றுமொழி வாக்கியத்தை வைத்தால் எழுத்து புரியும், சொல் ஓடாது. அதுபோலத்தான் அந்த முத்திரைகள். வெளிநாட்டில் குடியேறிய சிந்து வணிகர்கள் அங்குள்ள பெயர்களை, ஒருவேளை அங்குள்ள மொழியையே, தங்கள் எழுத்தில் எழுதியிருக்கலாம். வெறும் குலச்சின்னம் என்றால் ஊர் மாறியதும் வரிசை ஏன் மாற வேண்டும்?

இன்றைய செயற்கை நுண்ணறிவு இதைத் தீர்த்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2019இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்களின் நிரல், லீனியர் பி சொற்களில் மூன்றில் இரண்டு பங்கைச் சரியான கிரேக்கச் சொற்களோடு பொருத்தியது. பெரிய சாதனைதான். ஆனால் உறவு மொழி கிரேக்கம் என்று அதற்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. சிந்துவுக்கு அதை யார் சொல்வது? அந்தப் பெரிய நிரல்களுக்குக் கோடிக்கணக்கான சொற்கள் தீனியாக வேண்டும். நம்மிடம் இருப்பது சில ஆயிரம் துண்டு வரிகள். 2025 ஜனவரி 5 அன்று சென்னையில், சிந்துவெளிக் கண்டுபிடிப்பின் நூற்றாண்டுக் கருத்தரங்கில், இந்த எழுத்தைப் புரியவைப்பவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். 2018இல் மறைந்த மகாதேவன் அதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். பரிசு கேட்டு வருபவரிடம் சான்று எங்கே என்ற கேள்வியையும் முதலில் அவர்தான் எழுப்பியிருப்பார்.

சான்று இருக்கக்கூடிய இடம் எது என்று கணினி கை காட்டிவிட்டது. அது மேற்கே இருக்கிறது. அங்கே எல்லாவற்றையும் களிமண்ணில் எழுதிவைத்த மக்கள் வாழ்ந்தார்கள். மெலுக்கா என்ற நாட்டுக் கப்பல்கள் தன் துறையில் கட்டப்பட்டு நிற்பதாக அக்காட் மன்னன் சார்கோன் பெருமையடித்தான். மெலுக்கா சிந்துவெளிதான் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அக்காடியர் காலத்து உருளை முத்திரை ஒன்று இருக்கிறது. ஆட்டுக்குட்டியைத் தூக்கிவரும் ஓர் ஆண், கலயம் ஏந்திய ஒரு பெண், இருக்கையில் அமர்ந்தவர் முன் நிற்கிறார்கள். அருகே ஆப்பெழுத்தில் முத்திரைக்குரியவரின் பெயரும் தொழிலும்: ஷு-இலிஷு, மெலுக்கா மொழிபெயர்ப்பாளர்.

சிந்துவெளி மொழியும் தெரிந்து, நாம் இன்று படிக்கக்கூடிய மொழியும் தெரிந்த ஒரு மனிதர் உண்மையாகவே வாழ்ந்திருக்கிறார். அவர் ஒருவரோடு முடியவில்லை. 1977இல் அசிரியவியல் அறிஞர் சிமோ பர்போலா உள்ளிட்ட மூவர், ‘ஊர்’ என்ற நகரத்து மூன்றாம் வம்சக் காலக் களிமண் பலகைகளில் புதைந்திருந்த ஒரு செய்தியை எடுத்துக் காட்டினார்கள். லகாஷ் பகுதியில் ‘மெலுக்கா கிராமம்’ என்றே ஓர் ஊர் இருந்தது. அதன் களஞ்சியத்து வாற்கோதுமைக் கணக்குகூட எழுதப்பட்டிருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன.

அந்தப் பெயர்களைப் படித்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஏன்?

(அடுத்த வாரம்: மெலுக்கா கிராமத்துக்குள்)